அயடீன் போத்தலும் மூடிய பங்கரும்: ஒரு தாயின் கடிதத்துக்கு வைத்தியரின் பதில்

களுவாஞ்சிக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். வயது 38. கணவர் கட்டாரில் சாரதியாக வேலை செய்கிறார். வீட்டில் 14 வயது மகன், 6 வயது மகள், கழுத்தில் கழலை உள்ள 67 வயது மாமி. 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்ட நாளிலிருந்து மகன் அணுகுண்டுக் காணொளிகளையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஜூன் மாதம் கட்டாரிலுள்ள அமெரிக்க விமானத் தளத்தை நோக்கி ஈரான் ஏவுகணை வீசிய பிறகு அவனுக்குத் தூக்கமும் போய்விட்டது. "எல்லாம் முடியப்போகுதாம், பிறகென்னத்துக்கம்மா படிக்கிற?" என்று கேட்கிறானாம்.

இதற்கிடையில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்திருக்கிறது. வடக்கே குண்டு விழுந்தால் ஒரே நாளில் கதிர்வீச்சு மட்டக்களப்புக்கு வந்துவிடும், இப்போதே அயடீன் குடிக்கத் தொடங்குங்கள் என்கிறது அது. அதை நம்பி, புண்ணுக்குப் பூசும் பழுப்பு மருந்தில் இரண்டு துளியைத் தண்ணீரில் கலந்து, ஐந்து நாளாகப் பிள்ளைகளுக்கும் மாமிக்கும் கொடுத்திருக்கிறார். இணையத்தில் விற்கும் 'கதிர்வீச்சு மாத்திரை'யைக் காப்பை அடகு வைத்தாவது வாங்கட்டுமா? 1990இல் அப்பா வெட்டி, பிறகு மூடிவிட்ட பங்கரைத் திரும்பத் தோண்டட்டுமா? தமிழ்நாட்டிலுள்ள கூடங்குளத்தாலும் எங்களுக்கு ஆபத்து உண்டா? கணவரை வரச் சொல்லட்டுமா? மகனுக்கு என்ன சொல்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்தப் பழுப்புப் போத்தல். இன்றோடு நிறுத்திவிடுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பேசலாம், இது மட்டும் காத்திருக்காது.

நீங்கள் கொடுத்தது பொவிடோன் அயடீன், வெளியே பூசுவதற்கான மருந்து. கடைகளில் கிடைக்கும் 10 வீதக் கரைசலில் ஒரு துளிக்குள் ஏறத்தாழ அரை மில்லிகிராம் அயடீன் இருக்கும். உங்கள் மகளுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயடீனோ 0.12 மில்லிகிராம் மட்டும்தான். அதையும் அயடீன் சேர்த்த உப்பு ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஆக, இரண்டு துளி என்பது அவளுடைய அன்றாடத் தேவையின் எட்டு மடங்கு. அதேநேரம் கதிர்வீச்சு அயடீனைத் தடுக்க அந்த வயதுப் பிள்ளைக்குத் தேவையான அளவில் இது ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்குதான். சாதாரண நாளுக்கு மிகை, ஆபத்து நாளுக்குப் பயனற்றது. இதை வாசித்துவிட்டு யாரும் துளியைக் கூட்டிக் குடித்துவிட வேண்டாம். அந்தத் திரவம் தொண்டையையும் இரைப்பையையும் புண்ணாக்கும். 2011இல் யப்பானின் புகுஷிமா அணுமின் நிலைய விபத்தின்போதும் இதே மருந்தைக் கழுத்தில் பூசச் சொல்லி ஆசிய நாடுகளில் குறுஞ்செய்தி பரவியது. அதுவும் பொய்தான்.

பிள்ளைகளைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். ஐந்து நாள் என்பது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். எனக்குக் கவலை மாமியைப் பற்றி. பல வருடமாகக் கழலை உள்ளவர்களுக்குத் திடீரென்று மிகையான அயடீன் போனால், தைரொயிட் சுரப்பி அடங்காமல் வேலை செய்யத் தொடங்கலாம். உடனே தெரியாது, சில வாரம் கழித்தும் வரலாம். நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, சாப்பிட்டும் மெலிதல், இதயம் தாறுமாறாகத் துடித்தல் ஆகியவற்றைப் பாருங்கள். இந்த வாரமே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போய், எத்தனை நாள், எத்தனை துளி என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். திட்டு விழுமோ என்று சிலர் மறைப்பார்கள், அதனால் நோயாளிக்குத்தான் கேடு. தைரொயிட் வேலை செய்யும் விதத்தைக் காட்டும் ரீ.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை ஒன்று இப்போதும், ஆறு வாரமளவில் இன்னொன்றும் எடுக்கச் சொல்லக்கூடும்.

அந்த மாத்திரை எதற்கு?

பொட்டாசியம் அயடைட் மாத்திரை உண்மையான மருந்துதான். ஆனால் அது காப்பது கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி ஒன்றை மட்டும். அதுவும் கதிரியக்க அயடீன் என்ற ஒரேயொரு பொருளிடமிருந்து. வெளியிலிருந்து உடலைத் துளைக்கும் கதிர்வீச்சையோ, குண்டுத் தூசியிலுள்ள மற்றப் பொருட்களையோ அது தடுக்காது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 130 மில்லிகிராம், 3 முதல் 12 வயதுவரை 65 மில்லிகிராம். தூசி வருவதற்குச் சற்று முன்போ வந்து இரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ எடுத்தால்தான் முழுப் பயன், ஒரு தடவை எடுத்தால் ஒரு நாளளவு காக்கும். நாட்கணக்கில் முன்கூட்டியே விழுங்கினால் பயனில்லை, பிந்தி விழுங்கினால் தீமையே கூட. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நன்மை மிகக் குறைவு, கழலை உள்ளவர்களுக்குப் பக்கவிளைவு அதிகம். அதனால் அரசு அறிவித்தால் மட்டும் எடுக்கும் மருந்து இது.

தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியப்படாத மாத்திரையை இணையத்தில் வாங்கினால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. காப்பு கையிலேயே இருக்கட்டும். 'மாத்திரை இல்லாவிட்டால் உப்பு' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்: பெரியவர் ஒருவருக்கு வேண்டிய அயடீன் கிடைக்க ஏறத்தாழ ஐந்து கிலோ உப்பைத் தின்ன வேண்டும்.

கதிர்வீச்சு ஒரே நாளில் வருமா?

அணுகுண்டு நான்கு வழியில் கொல்கிறது: வெப்பம், அதிர்வலை, வெடித்த கணத்துக் கதிர்வீச்சு, பிறகு விழும் கதிரியக்கத் தூசி. முதல் மூன்றும் வெடித்த இடத்தைச் சுற்றிச் சில கிலோமீற்றருக்குள் முடிந்துவிடும். 1945 ஆகஸ்ட் 6ஆம் திகதி ஹிரோஷிமாவில் வெடித்தது 15 கிலோ தொன், அதாவது 15,000 தொன் வெடிமருந்துக்குச் சமமான குண்டு. சுற்றிலும் 2 கிலோமீற்றர் அழிந்து எரிந்தது. மட்டக்களப்புக் காந்தி பூங்காவை நடுவாக வைத்து அந்த வட்டத்தைப் போட்டால் புளியந்தீவும் கோட்டைமுனையும் முழுக்க உள்ளே வந்துவிடும். அந்த வருட முடிவுக்குள் அங்கே இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். நகரத்து வைத்தியர்களிலும் தாதியரிலும் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தோ காயப்பட்டோ போனார்கள், காயக்காரருக்கு மருந்து கட்டக்கூட ஆளில்லை. அணுகுண்டுக்கு மருத்துவம் பதில் சொல்ல முடியாது என்று உலகெங்கும் வைத்தியர்கள் சொல்லிவருவது இதனால்தான்.

உங்கள் கேள்வி நான்காவதைப் பற்றியது. குண்டு நிலத்தில் அல்லது நிலத்துக்கு மிக அருகில் வெடித்தால், மண் உருகி மேலே போய்த் தூசியாக விழும். பருமனான துகள்கள் முதல் நாளிலேயே அருகிலும், காற்றடிக்கும் திசையில் சில நூறு கிலோமீற்றருக்குள்ளும் விழுந்துவிடும். மிக நுண்ணியவை உயரே போய், வாரங்கள், மாதங்கள் கழித்து உலகெங்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும்.

இந்தத் தூசியின் வீரியம் வேகமாகக் குறையும். நேரம் ஏழு மடங்கானால் வீரியம் பத்தில் ஒன்றாகும் என்பது எளிய கணக்கு. வெடித்து ஒரு மணித்தியாலத்தில் 1,000 என்றிருந்தது, 7 மணித்தியாலத்தில் 100, இரண்டு நாளில் 10, இரண்டு வாரத்தில் 1. டெல்லி எங்களிலிருந்து 2,300 கிலோமீற்றருக்கு அப்பால், கராச்சி அதைவிடத் தூரம். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகக் காற்று நேராக எங்களை நோக்கியே அடித்தாலும் வந்துசேர இரண்டரை நாளாகும். அதற்குள் வீரியம் நூறில் ஒன்றுக்கும் கீழே, வழியில் பரந்து ஐதாவதும் விழுந்து போவதும் தனி. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காற்று மேற்கிலிருந்து வருவதால், வடக்கேயிருந்து தூசி வருவதற்கே வாய்ப்புக் குறைவு.

உங்களைத் தேற்றுவதற்காக உண்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சென்னை இங்கிருந்து ஏறத்தாழ 600 கிலோமீற்றர்தான். தென்னிந்தியாவில் நிலத்தோடு ஒரு குண்டு வெடித்து, அது வாடைக்காற்றும் மாரி மழையுமான காலமாக இருந்தால், தூசி ஒரு நாளுக்குள் எங்கள் கரையைத் தொடலாம், மழை அதை மேலேயிருந்து கழுவி இறக்கும். அப்படியொரு நாள் வந்தாலும் செய்ய வேண்டியது வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியதுதான். கீழே எழுதியிருக்கிறேன்.

கூடங்குளத்தையும் கேட்டிருந்தீர்கள். அது அணுமின் நிலையம், எங்களுக்கு மேற்கே 440 கிலோமீற்றரளவில் இருக்கிறது. அதன் எரிபொருளில் யுரேனியம்-235 ஐந்து வீதத்துக்கும் குறைவு, குண்டுக்கு 90 வீதமளவு வேண்டும். அதனால் மின்நிலையம் அணுகுண்டுபோல வெடிக்காது. விபத்து நடந்தால் 1986இல் செர்னோபிலில் நடந்ததுபோலக் கதிரியக்க அயடீன் கசியும். அங்கே பிள்ளைகளின் தைரொயிட்டைக் கெடுத்ததில் பெரும் பங்கு, புல் மேய்ந்த மாட்டுப் பாலுக்கு. அப்படியொரு செய்தி வந்தால் அறிவித்தல் வரும்வரை உள்ளூர்ப் பசும்பாலை நிறுத்திவிட்டு, முன்பே வாங்கிய பால்மாவைக் கொடுப்பதே மாத்திரையைவிடப் பெரிய பாதுகாப்பு.

பங்கரைத் தோண்ட வேண்டாம்

1990இல் அந்தப் பங்கர் ஷெல்லுக்கும் விமானக் குண்டுக்கும் வெட்டப்பட்டது. அது உயிர் காத்த இடம், அதை நினைத்துக் கை மண்வெட்டிக்குப் போவது இயல்புதான். ஆனால் கடலுக்கும் வாவிக்கும் நடுவிலுள்ள எங்கள் எழுவான்கரை மணலில் சில அடியிலேயே தண்ணீர் வந்துவிடும். மாரியில் பங்கர் நிரம்பும், பாம்பு சேரும், மணல் சரிந்து மூடும். இருபது வருடத்துக்கு மேல் மூடிக்கிடந்த இடத்தில் வெடிபொருள் ஏதும் இருக்காது என்றும் உறுதியில்லை. ஆறு வயதுப் பிள்ளை ஓடித்திரியும் வளவில் அந்தக் குழிதான் அணுகுண்டைவிடக் கிட்டத்து ஆபத்து.

தூசியின் கதிர்வீச்சைப் பாதியாக்க 6 சென்ரிமீற்றர் கொங்கிறீற் அல்லது 9 சென்ரிமீற்றர் இறுகிய மண் போதும். இன்னொரு 6 சென்ரிமீற்றர் அதிலும் பாதியாக்கும். ஓட்டுக்கூரையும் தகரமும் ஏறக்குறைய ஒன்றும் தடுக்காது. ஆகவே உங்கள் வீடு ஓட்டு வீடென்றால், கொங்கிறீற் தட்டுப் போட்ட மாடிவீடோ, பாடசாலைக் கட்டிடமோ அக்கம்பக்கத்தில் எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். அதன் கீழ்மாடியில், வெளிச்சுவரிலிருந்து தள்ளிய நடு அறைதான் நல்ல இடம்.

அறிவித்தல் வந்தால்:

- உடனே உள்ளே போய், கதவு யன்னலைச் சாத்தி, குறைந்தது 24 மணித்தியாலம் உள்ளேயே இருங்கள். முதல் நாள்தான் மோசமானது. பிள்ளையைத் தேடிப் பாடசாலைக்கு ஓட வேண்டாம், அவனும் அங்கே கட்டிடத்துக்குள் இருப்பதே நல்லது.
- வெளியே நின்றவர்கள் வாசலில் மேலாடையைக் கழற்றிப் பையில் கட்டித் தள்ளி வைக்கட்டும். தூசியில் பெரும்பகுதி உடுப்போடு போய்விடும். பிறகு சவர்க்காரம் போட்டுத் தலையோடு குளிக்கலாம். தோலைத் தேய்த்துப் புண்ணாக்கக் கூடாது. தலைக்குக் கண்டிஷனர் பூசக் கூடாது, தூசி முடியோடு ஒட்டிக்கொள்ளும்.
- கிணற்றுக்கு முன்பே மூடி போடுங்கள். மூடிய தாங்கியிலும் போத்தலிலும் உள்ள தண்ணீர் குடிக்கலாம். மழைத்தண்ணீர் பிடிக்க வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், கதிரியக்கம் போகாது.
- செய்திக்கு வானொலியையும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் நம்புங்கள்.

எங்கள் உண்மையான ஆபத்து எங்கே?

வாட்ஸ்அப்பில் வந்த குரல் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விடயம் இது. இந்தியாவும் பாகிஸ்தானும் அணுகுண்டால் மோதினால் கிழக்கு மாகாணத்தை முதலில் தொடுவது கதிர்வீச்சாக இருக்காது. கடைக்குப் போனால் பருப்பும் வெங்காயமும் இருக்காது, துறைமுகத்துக்குக் கப்பல் வராது, டீசல் இராது. கோதுமை இங்கே விளைவதில்லை, பாணுக்கான மா முழுவதும் வெளியிலிருந்து வரும் தானியம்தான். 2021இல் இரசாயன உரம் நின்றபோது அம்பாறை வயல்களில் விளைச்சல் எப்படி விழுந்தது, 2022இல் எரிபொருள் வரிசையில் எத்தனை இரவு போனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதன் பல மடங்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு மேல் புகை. நகரங்கள் எரியும்போது எழும் கரி மழைமேகத்துக்கும் மேலே போய்விட்டால் மழை அதைக் கழுவாது, வருடக்கணக்கில் வெயிலை மறைக்கும். 2022இல் நேச்சர் ஃபூட் ஆய்விதழில் வந்த கணிப்பு, இந்திய பாகிஸ்தான் அணுயுத்தம் ஒன்றால் ஏற்படும் உணவுப் பஞ்சத்தில் உலகெங்கும் 200 கோடிக்கு மேற்பட்டோர் இறக்கக்கூடும் என்றது. எவ்வளவு கரி மேலே போகும் என்பதில் விஞ்ஞானிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைக் குறைத்து மதிப்பிடுபவர்களின் கணக்கிலும் விலையேற்றமும் தட்டுப்பாடும் எங்களை விடாது.

இதற்கு ஒரு வீடு செய்யக்கூடியது அளவானது, ஆனால் வீண் அல்ல. புயலுக்கும் வெள்ளத்துக்கும் வேண்டிய அதே ஆயத்தம்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி என்றால் உங்கள் நால்வருக்கு இரண்டு வாரத்துக்கு 17 கிலோ. அதோடு பருப்பு, உப்பு, பால்மா, மாமியின் மாத்திரை ஒரு மாதத்துக்கு மேலதிகமாக. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 4 லீற்றர் தண்ணீர், மூன்று நாளுக்கு 48 லீற்றர். பற்றரி வானொலி ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காமல், ஒவ்வொரு சந்தை நாளிலும் ஒரு கிலோ கூட வாங்கி, பழையதை முதலில் சமைத்து வாருங்கள். வயல் உள்ள உறவினர் இருந்தால் பெரும்போக நெல்லை முழுக்க விற்றுவிடாமல் வீட்டுக்கு மூன்று மூட்டை வைக்கச் சொல்லுங்கள். நெல்லாக வைத்தால் அரிசியைவிட நாள்படத் தாங்கும். இதற்காக நுண்கடன் எடுக்க வேண்டாம். வராமலே போகக்கூடிய யுத்தத்துக்கு வாராவாரம் தவணை கட்டும் நிலை வரும்.

கணவர்

ஜூன் 23இல் கட்டாருக்கு வந்தவை சாதாரண ஏவுகணைகள், அணுகுண்டு அல்ல. அந்தப் பயத்தில் ஒப்பந்தத்தை முறித்து வந்தால் கடனும் வருமான இழப்பும் நிச்சயம், தவிர்க்கும் ஆபத்தோ மிகச் சிறியது. அங்கே கவனிக்க வேண்டியது வேறு. கட்டாரின் குடிதண்ணீர் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது, வளைகுடாவின் மறுகரையில் ஈரானின் புஷேர் அணுமின் நிலையம் இருக்கிறது. அறையில் சில நாளுக்குக் குடிதண்ணீர்ப் போத்தல் வைத்திருக்கச் சொல்லுங்கள். கடவுச்சீட்டுப் பிரதி உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு காலாவதியாகவில்லையா என்று 1989க்கு அழைத்துப் பாருங்கள். அந்த நாட்டு அரசு வெளியேறச் சொன்னால் அப்போது வரட்டும்.

மகன்

அவன் கேட்பது முட்டாள்தனமான கேள்வி அல்ல. உலகத்தில் இன்று ஏறத்தாழ 12,200 அணுகுண்டுகள் ஒன்பது நாடுகளிடம் இருக்கின்றன, அவற்றில் இரண்டாயிரமளவு உடனே ஏவக்கூடிய நிலையில். 'ஒன்றும் நடக்காது, போய்ப் படி' என்றால் அவன் உங்களிடம் கேட்பதை விட்டுவிட்டுக் கைபேசியிடம் கேட்பான். உள்ளதைச் சொல்லுங்கள்: ஆபத்து உண்மை, ஆனால் தீர்ந்துபோன முடிவு அல்ல. 1986இல் 70,000 இருந்தவை மனிதர் பேசிப் பேசித்தான் இந்த அளவுக்கு இறங்கின. இறக்கம் இப்போது மந்தமாகிவிட்டது என்பதையும் சொல்லுங்கள். மே மாதத்தில் மோதிய இரு நாடுகளும்கூட, ஒருவர் அணுநிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988இல் உடன்படிக்கை செய்து, வருடாவருடம் ஜனவரி 1ஆம் திகதி அந்த நிலையங்களின் பட்டியலைப் பரிமாறுகின்றன. அந்த மோதல் நான்கு நாளில் நின்றது.

இந்தச் சிறு நாடு என்ன செய்தது என்று அவன் கேட்டால் பதில் இருக்கிறது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் தீர்மானத்தை 1971இல் ஐ.நா.வுக்குக் கொண்டுபோனது இலங்கை. 1995இல் அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் காலவரையின்றி நீடித்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் ஜயந்த தனபால. 1996இல் சர்வதேச நீதிமன்றத்தில், அணுவாயுதம் எந்தச் சூழலிலும் சட்டவிரோதம் என்று மாறுபட்ட தனிக் கருத்து எழுதியவர் நீதியரசர் வீரமந்திரி. 2023இல் இலங்கை அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் சேர்ந்தது. படித்தவர்கள் செய்த வேலைகள் இவை. 'பிறகென்னத்துக்குப் படிக்கிற' என்பதற்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

இரவு எட்டரைக்குப் பிறகு கைபேசி உங்கள் அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து. 17 கிலோ அரிசிக் கணக்கையும் கிணற்று மூடியையும் அவன் பொறுப்பில் விடுங்கள். கைக்கு வேலை கிடைத்த பிள்ளைக்குப் பயம் சற்று இறங்கும். இன்னும் இரண்டு வாரத்தில் தூக்கம் திரும்பாவிட்டால், சாப்பாட்டையோ பாடசாலையையோ விட்டால், உயிரோடு இருந்து என்ன என்ற மாதிரிப் பேசினால், அன்றே களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். நள்ளிரவென்றால் 1926 மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள், கட்டணமில்லை.

பங்கரைப் பற்றி எழுதிய இடத்தில் உங்கள் கையெழுத்தே மாறியிருந்தது. 1990இல் நீங்கள் மூன்று வயதுக் குழந்தை. வீட்டார் சொல்லிச் சொல்லி வளர்ந்த பயமும் உடம்பில் தங்கும். மகனோடு வைத்தியசாலைக்குப் போகும் நாளில் உங்களுக்கும் வைத்தியரைப் பார்க்க ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், நாளைக் காலையில், மாமியின் கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து வையுங்கள்.